ஏழாம் கூறு

எம்.ஆர்.ஐ. படிவத்தில் இருபத்திமூன்று கேள்வி.
நான் வாசிக்க வாசிக்க
கோணாமலை 'இல்லை' என்றார்,
மாலையில் பட்டிக்கு வந்த மாட்டை எண்ணும் குரலில்.
நெஞ்சுக்குள் கருவி? இல்லை.
காதுக்குள்? இல்லை.
கட்டின பல்? அதைக் கழற்றிக்
கைலேஞ்சியில் சுற்றித் தந்தார்.
உடம்பில் சன்னம், ஷெல் சிதறல், இரும்புத்துண்டு?

சுவரைப் பார்த்தார்.
"ஒண்டு கிடக்குப் புள்ள.
முதுகுப் பக்கம், விலாவோட.
அது அதுட பாட்டில, நான் என்ட பாட்டில."

எந்த ஆண்டு என்று படிவம் கேட்கவில்லை.
எவருடையது என்றும் இல்லை.
நான் ஏறாவூர்க்காரி.
கழுத்தட்டையில் ஸுல்பிகா என்று பெரிய எழுத்து.
அவர் வாசித்திருப்பார்.
நானும் கேட்கவில்லை.

எக்ஸ்ரேயில் ஒரு நெல்மணி அளவு.
டொக்டர் சிவரூபன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்:
"ஊறிப்போன இரும்பு. சதை இறுக்கிப் பிடிச்சிருக்கும்.
கண்ணில இல்ல, முள்ளந்தண்டில இல்ல.
போடுங்க. கவனம்."

ரப்பர் குமிழைக் கையில் வைத்தேன்.
சுட்டால், இழுத்தால், இதை அமத்துங்க.
"மாடு இழுக்காத இழுவையா?"
பல்லில்லாமல் சிரித்துக்கொண்டே
உள்ளே போனார்.

மூச்சை விடுங்க. விட்டபடியே பிடியுங்க.
பதினெட்டு விநாடி.
பன்னிரண்டில் எல்லாரும் உடைந்துபோவார்கள்.
அவர் வயிறு அசையவில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான்தான் முதலில் மூச்சு விட்டேன்.
எப்படி முடிஞ்சது என்று பிறகு கேட்டதற்கு
"சோளக்காட்டுக்க படுத்துப் பழக்கம்" என்றார்.
மறுகா ஒன்றும் சொல்லவில்லை.

நீர் வெள்ளையாகத் தெரியும் படம் முதலில் வந்தது.
ஈரலின் வலப்பக்கம் குரும்பை அளவில் ஒரு வட்டம்,
அதற்குள் நெருக்கியடித்துச் சின்ன வட்டங்கள்.
தாய்ப்பை, பிள்ளைப்பைகள் என்கிறது பாடநூல்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
பக்கத்துப் பையில் உள்தோல் கழன்று
நீருக்குள் மடிந்து கிடந்தது.
அதற்கு அல்லி என்று பெயர், பேராதனையில் படித்தது.
உன்னிச்சைக் குளத்தில் அல்லி பறித்தவள் நான்.
இது அல்லி இல்லை.
குளிக்க இறங்கினவர் கழற்றி எறிந்த ஈரச் சாரன்.

நாய்ப்புழு.
பட்டியில் செத்த மாட்டின் ஈரலை நாய் தின்னும்.
நாயின் மயிரில் முட்டை ஒட்டும்.
தடவின கையாலேயே சோறு.
பத்து வருடம் நோவில்லாமல் வளரும்,
வீட்டு ஆள் மாதிரி.

மூன்றாம் படத்தில் பின்விளிம்பு இல்லை.
நெல்மணி ஒரு கைப்பிடி இருட்டாகப் பெருத்திருந்தது.
காந்தத்துக்கு இரும்பைக் காட்டத் தெரியாது,
இருக்கிற இடத்தை விழுங்கத்தான் தெரியும்.
சுற்றியிருந்த ஈரல் வளைந்து
அதைப் பார்த்து ஓடுவது போல் இழுபட்டிருந்தது.
அதற்கு அங்கால் என்ன? இன்னொரு பையா, வெறும் சதையா?
மூன்று தரம் மாற்றி எடுத்தேன்.
இருட்டு சுருங்கியது, சாய்ந்தது,
போகவில்லை.

பை இரண்டு, என்றது அறிக்கை.
அளவு, சுவர், பித்தக்குழாயிலிருந்து தூரம்.
ஏழாம் கூறு: மதிப்பிட இயலவில்லை.
காரணம்: பழைய உலோகத் துகள்.
அடுத்த மாதம் சீ.ரி.

பல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.
சுட்டதா?
"சுடல்ல. லேசா அசைஞ்சது.
முழிப்பு வந்த மாதிரி."
ஏன் அமத்தல்ல?
"நீங்கதானே மூச்சுப் பிடிக்கச் சொன்னீங்க."

குளிசைத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
கதவடியில் நின்று கிறுகினார்.
"நாய்க்கும் தருவீங்களா?
அதுவும் என்னோடதான் படுக்கிறது."

இருபத்திமூன்று கேள்வியிலும் நாய்க்கு இடமில்லை.
ஒரு வெற்றுத்துண்டில் மிருக வைத்தியருக்கு எழுதினேன்:
பெயர் கறுவல். வயது ஆறு.
உரிமையாளர் கோணாமலை, மாதவணை.
உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று
கேட்காமலே கையெழுத்திட்டேன்.